மினி பிசிக்கள் உறைந்து நிற்பது லினக்ஸால் அல்ல: புகார்

அனுப்புநர்:
கம்ப்யூட்டர் பிரிவு,
பனியன் ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்.

பெறுநர்:
சர்வீஸ் மேலாளர், கோவை.

பொருள்: பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட், ராம் மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

உங்களிடம் வாங்கிய ஃபேன் இல்லாத மினி பிசிக்கள் (செலரான் ஜே1900, 4 ஜிபி ராம்) எங்கள் பேக்கிங் டேபிள்களில் பார்கோடு ஸ்டிக்கர் அடிக்க ஓடுகின்றன. டெபியன் 12 லினக்ஸ் போட்டிருக்கிறோம். பெட்டிகள் உறைந்துவிடுகின்றன என்றதற்கு உங்கள் ஆள் சொன்ன பதில்: "லினக்ஸ் போட்டா வாரண்டி வராதுங்க, விண்டோஸ் போட்டுப் பாருங்க." இதை ஏற்க முடியாது. இருப்பது இரண்டு கோளாறு. இரண்டுமே பெட்டியோடு வந்தவை.

முதலாவது எல்லாப் பெட்டியிலும் உண்டு. வேலை நடக்கும்போது வராது. சாப்பாட்டு நேரத்திலும் ஷிப்ட் முடிந்து சும்மா கிடக்கும்போதும்தான் வரும். திரையில் கடிகாரம் நின்றுவிடும், கேப்ஸ் லாக் விளக்கு மாறாது, வேறு கம்ப்யூட்டரிலிருந்து பிங் போட்டாலும் பதில் வராது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, திரும்ப ஆன் செய்து 'ஜர்னல்சிடிஎல் -பி -1' கொடுத்து முந்தைய ஓட்டத்தின் லாக்கைப் பார்த்தால், கடைசியில் இருப்பது வழக்கமான கிரான் (நேரம் வைத்து ஓடும் வேலை) வரி. கெர்னல் பேனிக்கோ (லினக்ஸின் மையப்பகுதி விழுவது) சூட்டு எச்சரிக்கையோ கிடையாது. நான்கு கோரையும் ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற லோடு ஏற்றும் புரோகிராம் வைத்து ராத்திரி முழுக்க முழு லோடில் ஓட்டினால் ஒரு தடங்கலும் இல்லை. ஆகவே சூட்டையும் அடாப்டரையும் குறை சொல்ல வழியில்லை.

பே ட்ரெயில் சிப்களுக்கு (ஜே1900 இந்த வகைதான்) இது 2015-லேயே கெர்னல் பக் பட்டியலில் பதிவானது. சும்மா இருக்கும் செயலி ஆழ்ந்த சி-ஸ்டேட்டுக்கு (மின்சாரம் சேமிக்கும் தூக்க நிலை) போய் வரும்போது தொங்கிவிடும். லினக்ஸை ஏற்றும் க்ரப்பின் கோப்பில், கெர்னல் வரியில் 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' சேர்த்து, 'அப்டேட்-க்ரப்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்தபின் உறைவது நின்றது. ஆனால் இது ஒட்டு வேலை. செயலி ஆழ்ந்து தூங்காததால் சும்மா இருக்கும்போதும் சூடு கூடும். பஞ்சுத்தூசி பறக்கும் ஹாலில் ஃபேன் இல்லாத பெட்டிக்கு அது ஆகாது. சரிசெய்ய வேண்டிய இடம் பயாஸ். நீங்களோ சி-ஸ்டேட் மெனுவையே மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது கோளாறு இரண்டு பெட்டிகளில் மட்டும். லோடு ஏறினால் புரோகிராம்கள் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று விழுகின்றன. சில சமயம் தானே ரீஸ்டார்ட் ஆகிறது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போட்டால் முதல் சுற்றிலேயே எர்ரர். மூடியைத் திறந்து பார்த்தால் ராம் ஸ்டிக்கரில் 'பிசி3-10600எஸ்', அதாவது 1.5 வோல்ட் டிடிஆர்3. மற்ற பெட்டிகளில் இருப்பது 'பிசி3எல்-10600எஸ்'. ஜே1900-க்கு வேண்டியது 1.35 வோல்ட் டிடிஆர்3எல். நல்ல பெட்டியின் ராமைக் கழற்றி இதில் போட்டதும் மெம்டெஸ்ட் சுத்தமாக முடிந்தது. மெம்டெஸ்ட் ஓஎஸ் ஏறுவதற்கு முன்பே ஓடுவது. இதில் லினக்ஸ் எங்கே வந்தது?

இந்த உறைவைச் சரிசெய்த, சி-ஸ்டேட் மெனுவை மறைக்காத பயாஸ் கோப்பு ஒன்று, 4 ஜிபி டிடிஆர்3எல் ராம் இரண்டு: இவைதான் வேண்டும். பயாஸைக் கோப்பாக அனுப்பினால் போதும், யுஎஸ்பி வழியாக நாங்களே ஏற்றிக்கொள்கிறோம். போர்டு ரிவிஷன் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பவும், மாறிப் போனால் பெட்டி ஆன் ஆகாது. பெட்டியையே அனுப்பச் சொன்னால் எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டுத்தான் தருவோம். அங்கே விண்டோஸ் போட்டு, அரைமணி வீடியோ ஓட்டிப் பார்த்து "நல்லா ஓடுதுங்க" என்று திருப்பி அனுப்ப வேண்டாம். ஆன் செய்து, வேலை எதுவும் கொடுக்காமல், ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் பிரிவு