சோபாவின் உள்ளே இருப்பதை ரசீதில் எழுதித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடியில் தொடங்கித் தீபாவளி வரை நீளும் விற்பனைக் காலத்தில்தான் நம் ஊர் நடுத்தரக் குடும்பங்கள் பெரும்பாலும் சோபா வாங்குகின்றன. ஒரு மாதச் சம்பளத்தையே கேட்கும் இந்தச் சாமானை, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே வாங்கி வருகிறோம் என்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன். கடையில் நம் கண்ணுக்குத் தெரிவது துணியின் நிறமும் தையலும் கைப்பிடியின் வடிவமும் மட்டுமே. அந்தச் சோபா பத்து ஆண்டு உழைக்குமா, இரண்டாம் ஆண்டே குழி விழுந்துவிடுமா என்பதைத் தீர்மானிக்கிற மரச்சட்டம், ஸ்பிரிங், ஃபோம் ஆகியவை துணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே இருக்கின்றன. ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தோற்றம் கொண்ட இரண்டு சோபாக்களில் ஒன்றின் விலை மற்றொன்றைப் போல் இரண்டு மடங்காக இருக்கும்போது, அந்த வித்தியாசம் எதற்காக என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் "இது நல்ல குவாலிட்டிங்க" என்பதற்கு மேல் பதில் கிடைப்பதில்லை.

முதலில் ஃபோமைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான். கடைக்காரர்கள் "32 டென்சிட்டி", "40 டென்சிட்டி" என்று சொல்வது ஏதோ தொழில் ரகசியம் அல்ல. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கிறது என்பதே அந்த எண். தினமும் ஆட்கள் உட்கார்ந்து எழும் இருக்கைக்கு 32-க்குக் குறையக் கூடாது என்றும், பெரிய குடும்பமாக இருந்தால் 40 போடுவது நல்லது என்றும், சாய்மானத்துக்கு மட்டும் 23 அல்லது 28 போதும் என்றும் குஷன் வேலை தெரிந்தவர்கள் சொல்வார்கள். விரலால் அழுத்திப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிட முடியாது. டென்சிட்டி குறைந்த ஃபோமையும் விறைப்பாக இருக்கும்படி தயாரிக்கலாம். அது கடையில் கெட்டியாகத் தோன்றி, வீட்டுக்கு வந்த சில மாதங்களில் அமுங்கிவிடும்.

எடை போட்டுப் பார்க்கலாம். இருக்கைக் குஷனின் உறையில் ஜிப் இருந்தால் திறந்து ஃபோமை வெளியே எடுத்து, ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டால் போதும். 22 அங்குல நீளமும் 22 அங்குல அகலமும் 5 அங்குல கனமும் உள்ள ஒரு குஷன், உண்மையிலேயே 32 டென்சிட்டியாக இருந்தால் ஏறக்குறைய ஒன்றே கால் கிலோ இருக்க வேண்டும். 40 என்றால் 1.6 கிலோ அளவுக்கு வரும். தராசு 700 கிராம் காட்டினால் உள்ளே இருப்பது 18 டென்சிட்டி. வேறு அளவுக் குஷனாக இருந்தால், நீளம், அகலம், கனம் மூன்றையும் மீட்டருக்கு மாற்றிப் பெருக்கி, வருவதை டென்சிட்டியால் பெருக்கிக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. ஆனால் எடையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. எடை கூட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூளைக் கலந்து தயாரிக்கும் ஃபோமும் சந்தையில் உண்டு. அதை அழுத்தி விட்டால் துள்ளி எழாமல் சோம்பலாக மேலே வரும். கழிவுத் துண்டுகளை அரைத்துப் பசையில் இறுக்கிய ஃபோமும் கனமாகத்தான் இருக்கும். பல நிறத் துணுக்குகள் கலந்திருப்பதால் அதைப் பார்த்ததுமே தெரிந்துகொள்ளலாம். அடிப்பாகத்தில் தாங்குவதற்கு அது பயன்படும் என்றாலும், இருக்கை முழுவதையும் அதிலேயே செய்துவிட்டு நல்ல ஃபோமின் விலையை வாங்குவது நியாயமல்ல.

மரத்துக்கு வருவோம். தேக்கு என்றால் தேக்குதான் என்று நிம்மதி அடைந்துவிடுகிறோம். தேக்கிலேயே வைரம் பாய்ந்த நடுக்கட்டை வேறு, அதைச் சுற்றியுள்ள மென்மையான வெளிறு வேறு. வெளிறை உளுவும் கரையானும் விடாது. துணி போர்த்திய சோபாவில் மரம் வெளியே தெரியாது என்பதால், பல இடங்களில் சரக்குப் பெட்டி உடைத்த பலகையும், ஈரம் பட்டால் ஊதிப்போகும் மரத்தூள் பலகையும் உள்ளே போய்விடுகின்றன. இதற்கெல்லாம் தேக்கு தேவை என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் காய்ந்து, மருந்து ஏற்றிய ரப்பர் மரமோ வேம்போ நல்ல பிளைவுட்டோ சட்டத்துக்குத் தாராளமாகப் போதும். அதற்கேற்ற விலை போட்டால் எல்லோருக்கும் நல்லது. சோபாவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கறுப்புத் துணி ஒன்றை ஸ்டேப்ளர் பின் கொண்டு அடித்திருப்பார்கள். அதன் ஒரு மூலையை மட்டும் விலக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மூலைகளில் முட்டுக்கட்டை வைத்துப் பசையும் திருகாணியும் போட்டிருக்கிறார்களா, வெறும் பின்னோடு நிறுத்திவிட்டார்களா, இருக்கைக்கு அடியில் வளைவு வளைவாக ஓடும் ஸ்பிரிங் எத்தனை இருக்கிறது, ஸ்பிரிங்குக்குப் பதிலாக நாடா போன்ற பட்டை மட்டும் இழுத்துக் கட்டியிருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு மூலையிலேயே தெரிந்துவிடும். தன் வேலையில் நம்பிக்கை உள்ள கடைக்காரர் இதற்குத் தயங்க மாட்டார்.

உட்கார வசதியாக இருக்கிறதா என்பது விலையைப் பொறுத்தது அல்ல, அளவைப் பொறுத்தது. எங்கள் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. கடைகளில் இப்போது அதிகம் வைத்திருக்கும் தாழ்வான, ஆழமான, கைப்பிடி அகலமான சோபாவில் அவர் உட்கார்ந்தால், முதலில் உடம்பை விளிம்புக்கு நகர்த்தி, பிறகு பிடிப்பதற்கு ஏதும் இல்லாமல் டீப்பாயின் மேல் கையை ஊன்றித்தான் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு, ஆள் உட்கார்ந்து குஷன் அமுங்கிய பிறகும் தரையிலிருந்து 17 அல்லது 18 அங்குல உயரம் இருப்பதும், விரல்கள் சுற்றிப் பிடிக்கும்படி கெட்டியான கைப்பிடி இருப்பதும் அவசியம். இருக்கையின் ஆழம் 20, 21 அங்குலத்துக்குள் இருந்தால்தான் சராசரி உயரமுள்ள நம் பெண்களுக்கு முதுகும் சாய்ந்து பாதமும் தரையில் படும். அதற்கு மேல் போனால் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொள்ள நேரிடும். குளிரூட்டிய கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்ப்பதில் இது தெரியாது. வீட்டில் அதிகம் உட்காரப்போகிறவரை உடன் அழைத்துச் சென்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரமாவது உட்காரச் சொல்ல வேண்டும். அளவு நாடா ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனால், வீட்டு வாசலிலும் மாடிப்படித் திருப்பத்திலும் சோபா நுழையுமா என்கிற கவலையும் தீரும்.

மேலுறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மலிவான செயற்கைத் தோல் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரிந்து, உட்கார்ந்து எழுபவரின் உடையில் ஒட்டிக்கொள்ளும். கழற்றித் துவைக்கக்கூடிய கனமான துணி உறை நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது.

நியாயமான விலைக்கு நல்ல சோபா வேண்டும் என்பவர்களுக்குக் கடைக்கு வெளியிலும் வழிகள் இருக்கின்றன. உறுதியான சட்டம் உள்ள பழைய சோபா வீட்டில் இருந்தால் அதைத் தூக்கி எறியாமல், தெரிந்த குஷன் தொழிலாளியிடம் கொடுத்து, ஃபோமை நாமே பார்த்து வாங்கிக் கொடுத்து, புதுத் துணி போட்டுக்கொள்வதுதான் என் கணிப்பில் இருப்பதிலேயே சிக்கனமானது. எங்களுக்கு அருகில் உள்ள பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மரச்சாமான்கள் வருகின்றன. மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று தையல் இடுக்குகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே நல்ல சட்டங்கள் கிடைக்கும். சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகும் சாலையில் தைக்காலைக் கடந்தவர்கள் அங்குள்ள பிரம்புக் கடைகளைப் பார்த்திருப்பார்கள். மூங்கில், பிரம்புச் சாமான்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. துணி போர்த்திய சோபாவுக்கோ 18 சதவீதம். பிரம்பு சோபாவில் பின்னலும் கட்டும் கண்ணெதிரே இருப்பதால் ஒளிப்பதற்கு இடமில்லை என்பதும், வாடகை வீட்டுக்காரர்கள் தூக்கிச் செல்ல எளிது என்பதும் கூடுதல் வசதி.

ஆயினும் எல்லோரும் குஷன் தொழிலாளியையும் சந்தையையும் தேடிப் போக முடியாது. கடையில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு வேண்டும். எங்கள் பகுதியில் உள்ள ஒரு பெரிய கடையில் "இருக்கை 40 டென்சிட்டி, சட்டம் தேக்கு" என்று விற்பனையாளர் சொன்னதை அப்படியே ரசீதில் எழுதித் தரும்படி கேட்டேன். "டென்சிட்டியெல்லாம் பில்லுல போடுற வழக்கம் இல்லீங்க, எங்க வார்த்தையை நம்புங்க" என்றார். மேலாளரிடம் கேட்டபோதும் அதே பதில்தான். ரசீதில் "3+1+1 சோபா செட், பிரவுன்" என்பதைத் தவிர ஒரு சொல்லும் ஏறாது என்பது உறுதியானதும் வாங்காமல் திரும்பினோம். அதே கடை, சட்டத்துக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறது. எந்த மரம் என்றே எழுதாத ரசீதை வைத்துக்கொண்டு எந்த உத்தரவாதத்தைக் கேட்பது?

பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தெளிவாகச் சொல்கிறது. ரசீது தர மறுப்பதையும், ரசீதில் காலக்கெடு ஏதும் குறிப்பிடாத நிலையில் குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதையும் அச்சட்டம் முறையற்ற வணிகமாகக் கருதுகிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து அஞ்சிப் பேசாமல் இருந்துவிடுபவர்கள் இதை அறிய வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். அதில் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமே இல்லை. ஆனால் கடைக்காரர் வாயால் சொன்னதை ஆணையத்தில் நிரூபிப்பது கடினம் என்பதால்தான் ரசீதில் எழுத்து வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இதை வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடையில் நின்று வாதாடிப் பெற வேண்டிய நிலை இருக்கக் கூடாது. தங்க நகைக்கு 2021 முதல் ஹால்மார்க் கட்டாயம் ஆனபோது முடியவே முடியாது என்ற குரல்கள் எழுந்தன. இன்று முத்திரை இல்லாத நகையை நாமே வாங்குவதில்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் நட்சத்திரச் சீட்டைப் பார்க்காமல் யாரும் பணம் கட்டுவதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில், திணித்துத் தைத்த இருக்கைகளின் உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று எழுதிய சீட்டைத் தைத்துத்தான் விற்க முடியும். நம் மத்திய அரசும் 2025-ல் மரச்சாமான்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை வெளியிட்டு, நாற்காலி, மேசை, அலமாரி, கட்டில் போன்றவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்தை வலியுறுத்தியிருக்கிறது. அதனோடு சேர்த்து, விற்கப்படும் ஒவ்வொரு சோபாவிலும் சட்டத்தின் மரம், இருக்கை ஃபோமின் டென்சிட்டியும் கனமும், ஸ்பிரிங்கா பட்டையா என்பது, மேலுறையின் வகை ஆகியவற்றை எழுதிய ஒரு சீட்டு இருக்க வேண்டும் என்றும், அதே விவரம் ரசீதிலும் ஏற வேண்டும் என்றும் விதி செய்தால் போதும். இதனால் கடைக்காரருக்கு ஆகும் செலவு ஒரு துண்டுக் காகிதம்தான். மலிவான சோபா விற்கக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. 23 டென்சிட்டியை 23 என்று எழுதி அதற்குரிய விலைக்கு விற்கட்டும், விருந்தினர் அறைக்கு அது போதும் என்பவர் வாங்கிக்கொள்வார். நேர்மையாக 40 டென்சிட்டி போட்டு வேலை செய்யும் சிறிய பட்டறைக்காரர்கள், அதே தோற்றத்தில் மட்டமான சரக்கைப் பாதி விலைக்கு விற்பவரோடு போட்டியிட முடியாமல் தொழிலை விடுவதும் அப்போது குறையும்.

மத்திய அரசு விதி செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தமிழ்நாடு அரசின் சிறு தொழில் நிறுவனமான டான்சி, 1965 முதல் நடந்து வருகிறது. மரத்திலும் இரும்பிலும் சாமான்கள் செய்து அரசு அலுவலகங்களுக்கு வழங்குகிறது. திணித்துத் தைத்த தன் இருக்கைகள் அனைத்திலும் இத்தகைய சீட்டை டான்சி இந்த ஆண்டிலேயே தைக்கத் தொடங்கலாம். அரசுத் துறைகள் தங்கள் கொள்முதல் விதிகளிலும் இதைச் சேர்த்துவிட்டால், அவற்றுக்குச் சரக்கு கொடுக்கும் தனியார் பட்டறைகளும் எழுதித் தரும் பழக்கத்துக்கு வந்துவிடுவார்கள். இந்தக் கோரிக்கையைச் சிறு, குறு மற்றும் நடுத்தரத் தொழில் துறை அமைச்சரின் கவனத்துக்குத் தங்கள் நாளிதழ் கொண்டு செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
குரோம்பேட்டை, சென்னை.