பிள்ளை, யன்னலை முதலில் வெட்டு

அன்புள்ள மகளுக்கு,

"அம்மா, கீழே பேஸ்மென்றைத் திருத்திக் கட்டப்போறோம். நீங்களும் அப்பாவும் வந்து இருக்கலாம், நீங்கள் இல்லாத நேரம் வாடகைக்கு விடலாம்" என்று நேற்று போனில் சொன்னாய். "நல்லது பிள்ளை" என்பதைத் தவிர அந்த நேரம் எனக்கு ஒன்றும் வரவில்லை. போனை வைத்த பிறகு இரவு முழுக்க அதே யோசனை. கதைத்தால் நீ இடையில் குழந்தையைத் தூக்க ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி, மருமகனுக்கும் வாசித்துக் காட்டு.

ஆஸ்பத்திரியால் உன்னைக் கொண்டுவந்ததும் ஒரு பேஸ்மென்றுக்குத்தான் என்று உனக்குத் தெரியும். அது எப்படி இருந்தது என்று நான் சரியாகச் சொன்னதில்லை. 1991ஆம் ஆண்டு, கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மார்க்கம் றோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. எங்களுக்கு ஓர் அறை, மற்ற அறையில் மூன்று தம்பிமார், எல்லோருக்கும் ஒரே குசினி. எங்கள் அறையில் யன்னலே இல்லை. உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மேலே சீலிங்கோடு ஒட்டி ஒரு யன்னல் இருந்தது, ஒரு கொப்பியை விரித்து வைத்த அளவு. மாரியில் பதினொரு மணிபோல அதுக்குள்ளால் ஒரு துண்டு வெயில் மெஷினின் மூடியில் விழும். அரை மணித்தியாலம்தான். நான் உன்னைத் துவாயில் சுற்றி அந்த வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்பேன். வெயில் நகர நானும் நகருவேன்.

வெளியே போக ஒரே வழி பக்கக் கதவு. வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸைத் தாண்டித்தான் அதற்குப் போகவேண்டும். ஒரு நாள் இரவு அப்பா கதிரையில் ஏறி அந்த யன்னலைத் திறந்து தலையை நீட்டிப் பார்த்தார். தலை போனது, தோள் போகவில்லை. இறங்கி வந்து ஒன்றும் பேசாமல் படுத்தார். எனக்கு விளங்கியது. ஃபர்னஸ் பக்கம் நெருப்புப் பிடித்தால் உன்னைக் கொண்டு வெளியே போக எங்களுக்கு வழியில்லை.

ஆகவே கீழே யார் படுத்தாலும் சரி, நாங்களோ வாடகைக்கு வருகிற பிள்ளைகளோ, யன்னல்தான் முதல் வேலை. ஆபத்தில் தப்பி வெளியேறுகிற யன்னலுக்கு ஒன்ராறியோ மாகாணக் கட்டடச் சட்டத்தில் அளவே இருக்கிறது: திறந்தால் 0.35 சதுர மீற்றர் வெளி கிடைக்கவேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, உள்ளே இருந்து கருவி எதுவும் இல்லாமல் திறக்கவேண்டும். வெளியே குழி வெட்டி வைக்கிற யன்னல் என்றால் அதற்கு முன்னால் 550 மில்லிமீற்றர் இடம் விடவேண்டும். அது ஆகக் குறைந்த அளவு. நீ அதைவிடப் பெரிதாகவே வெட்டு. கொங்கிறீட்டை வெட்டுகிற காசைப் பார்த்து மருமகன் யோசிப்பார். தரைக்கு விலை குறைந்ததைப் போடலாம், குசினிக் கபேட்டைப் பிறகு மாற்றலாம். சுவரைப் பூசி முடித்த பிறகு யன்னல் வெட்ட ஒருத்தருக்கும் மனம் வராது.

அடுத்தது தண்ணீர். ஊரில் நாங்கள் நிலத்தைவிட உயர்த்தித்தான் வீடு கட்டுவோம், வெள்ளம் ஏறக்கூடாது என்று. இங்கே மாரியில் மண் நாலைந்து அடிக்கு உறைந்து வீங்கும், அதுக்குக் கீழே அத்திவாரம் போகவேண்டும். எப்படியும் தோண்டுகிறார்கள், அதையே ஓர் அறையாக்கிவிடுகிறார்கள். அதாவது நாங்கள் படுப்பது கிணற்றுக்குள் இறங்கின மாதிரி ஒரு குழிக்குள்தான். சுற்றிவரத் தண்ணீர் நிற்கும், அது எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டே இருக்கும்.

2013 ஜூலை 8ஆம் திகதி நினைவிருக்கிறதா? நீ அப்போது வாட்டர்லூவில் படித்துக்கொண்டிருந்தாய். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் அன்று 126 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி இரண்டு மணித்தியாலத்தில் பெய்தது. எங்கள் வீட்டில் சுவரால் தண்ணீர் வரவில்லை. தரையில் இருக்கிற வடிகால் துளையால் கறுப்பாகக் கொப்பளித்து வந்தது, தெருச் சாக்கடைத் தண்ணீர். என் கூறைச்சேலை இருந்த ட்ரங்குப் பெட்டி கால்வாசி அதில் நின்றது. அதைவிட மனம் விட்டுப்போனது அடுத்த கிழமை. சுவருக்கு அடித்த பலகை, நனைந்த ட்ரைவோலை அறுத்து எடுத்தால் அதன் பின்னால் பூஞ்சணம் கரும்பச்சையாக மேல்வரைக்கும் ஏறியிருந்தது. ஒரு கிழமையில் வந்ததில்லை அது. வேலை செய்தவர் குளிரைத் தடுக்கச் சுவருக்குள் வைக்கிற பஞ்சை நேரே கொங்கிறீட்டில் முட்டவைத்து, பிளாஸ்ரிக்கை மூடி, ஆணியடித்துவிட்டுப் போயிருந்தார். நாலு வருடம் அதற்குப் பக்கத்தில் இருந்து நாங்கள் ரிவி பார்த்திருக்கிறோம்.

ஏன் அப்படி வருகிறது என்று அப்பா பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். குளிர்ந்த தண்ணீர் நிறைத்த செம்புக்கு வெளியே வியர்க்குமே, அதேதான். அறையின் சூட்டுக் காற்று குளிர்ந்த கொங்கிறீட்டில் பட்டதும் தண்ணீராகும். பஞ்சு அதைக் குடித்து வைத்திருக்கும். அதனால் முதலில் கெட்டியான ஃபோம் பலகையைக் கொங்கிறீட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி, மூட்டுகளை அடைத்து, அதற்கு முன்னால்தான் மரச் சட்டம் நிற்கவேண்டும். சுவரின் அடிக்கட்டை நேரே தரையில் படக்கூடாது. ட்ரைவோலும் தரையில் முட்டாமல் அரை அங்குலம் தூக்கி நிற்கவேண்டும். இதெல்லாம் மூடினபிறகு தெரியாத வேலை. சுவரை மூடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்து வை.

சாக்கடை திரும்பி வராமல் தடுக்கிற வால்வு உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பிளம்பரைக் கேள். இல்லையென்றால் தரையை உடைக்கிற நேரத்திலேயே போடு. அதை வருடத்துக்கு ஒருக்கால் திறந்து ஊத்தையைத் துடைக்கவேண்டும். பெருமழையில் வால்வு மூடியிருக்கும்போது மேலே குளிக்கவோ தோய்க்கவோ கூடாது. வெளியே போக வழியில்லாமல் உங்கள் தண்ணீரே கீழே ஏறும்.

இப்போது செப்ரெம்பர். நீ அவசரப்படாதே. மாரி முழுக்கக் காய்ந்து கிடக்கிற சுவரைப் பார்த்து நல்ல பேஸ்மென்ற் என்று நினைத்துவிடுவாய். பனி உருகுகிற ஏப்ரலில் போய்ப் பார்க்கவேண்டும். சுவரில் உப்பு மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தால் தண்ணீர் வந்துபோகிறது என்று அர்த்தம். ஒரு பிளாஸ்ரிக் துண்டைத் தரையில் நாலு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார், அடியில் வியர்த்தால் ஈரம் மண்ணில் இருந்து வருகிறது. இந்த மாரியிலேயே றேடன் சோதனையையும் செய்து முடி. மண்ணுக்குள் இருந்து வருகிற கதிர்வீச்சு வாயு அது, நிறமுமில்லை மணமுமில்லை. புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு அதுதான் காரணம். ஒரு சின்னக் கருவியைக் கீழே வைத்து மூன்று மாதம் விடவேண்டும். கனமீற்றருக்கு 200 பெக்கரலுக்கு (கதிர்வீச்சை அளக்கிற அலகு) மேலே காட்டினால் தரைக்கடியால் குழாய் வைத்து மின்விசிறியால் வெளியே இழுத்துவிடலாம். தரை போட முன்னமே தெரிந்தால் சுகம்.

நகரசபையின் கட்டட அனுமதி, அந்தப் பேர்மிற் இல்லாமல் தொடங்காதே. சிநேகிதர்மார் பலதும் சொல்வார்கள். வாடகைக்கு விடுகிற இடத்தில் நாளைக்கு ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்கலாம். அதைவிட, நெருப்புத் தடுக்கிற ட்ரைவோல், ஒன்று அடித்தால் வீடு முழுக்க அடிக்கிற புகை அலாரம், காபன் மொனொக்சைட் அலாரம் எல்லாம் சரியா என்று இன்னொருத்தர் வந்து பார்ப்பது உனக்குத்தான் பலன்.

உனக்கு ஆறு மாதத்தில் மூச்சு இழுத்தது. டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை படுக்கிற அறை நிலத்துக்கு மேலேயா கீழேயா என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்பாதான் சொன்னார். அன்று பஸ்ஸில் வரும்போது, எங்களுக்கு என்று ஒரு வீடு வந்தால் அதன் கீழே ஒருத்தரையும் இப்படி வைக்கமாட்டேன் என்று நினைத்தேன். உன் வீடும் எனக்கு அந்தக் கணக்குத்தான்.

தாங்ஸ்கிவ்விங் லீவுக்கு நாங்கள் வருகிறோம். அப்பா இப்பவே அளவு நாடாவையும் சோக்குக்கட்டியையும் பையில் வைத்துவிட்டார், யன்னல் வருகிற இடத்தைச் சுவரில் தானே கீறவேண்டுமாம். கிழக்குப் பக்கச் சுவர் எது என்று பார்த்து, அதற்கு முன்னால் அடுக்கியிருக்கிற பெட்டிகளை எடுத்து வை.

அன்புடன்,
அம்மா