செயலாளரின் ஆண்டறிக்கை: கைவிடப்பட்ட ஆலைகளின் எந்திர ஆவணத் திட்டம்

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் புகைப்படச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ரா (RAW) கோப்புகளை, அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்புகளை, திருத்துவது பற்றி ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஆண்டுக் கண்காட்சியும் நடந்தது. படம் தந்த எல்லோருக்கும் நன்றி.

இந்த ஆண்டின் முக்கிய வேலை எந்திர ஆவணத் திட்டம், அதாவது மூடிய ஆலைகளின் எந்திரங்களைப் படமெடுத்துப் பதிவு செய்வது. சென்ற பொதுக்குழுவில் நான் இதை முன்மொழிந்தபோது, "எந்திரத்தின் பெயர்ப்பலகையையும் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியையும் எடுத்து என்ன செய்வது, கண்காட்சிக்கு ஆகாதே" என்று சிலர் கேட்டார்கள். பதிலை இங்கே பதிவு செய்கிறேன். தொழில் மரபுச் சின்னங்களுக்கான 2003ஆம் ஆண்டு நிஸ்னி தாகில் சாசனம், ஓர் ஆலையில் கை வைப்பதற்கு முன்பே அதன் முழு ஆவணத்தையும் எடுத்துப் பொதுக் காப்பகத்தில் சேர்க்கச் சொல்கிறது. ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதி 1959 முதல் இரும்பு உருக்கும் ஊதுலைகளையும் நீர்த்தொட்டிக் கோபுரங்களையும் மேகமூட்டமான நாள் பார்த்து, நிழல் விழாமல், ஒரே மாதிரி எடுத்து வரிசைப்படுத்தினார்கள். அவர்கள் எடுத்தவற்றில் பல இன்று தரையில் இல்லை, படங்களில் மட்டுமே இருக்கின்றன. துருவும் கொடியும் படர்ந்த அழகான படத்துக்கு நான் எதிரியல்ல. ஆனால் அந்த எந்திரம் என்ன செய்தது என்று அந்தப் படம் சொல்லாவிட்டால் நம் வேலை பாதியில் நிற்கிறது.

உரிமையாளரின் எழுத்து அனுமதியோடு, மூடிக் கிடக்கும் ஒரு நூற்பாலையை எடுத்துக்கொண்டோம். விசை போன வழியே படமும் போக வேண்டும் என்பதுதான் முறை: பாய்லர், நீராவி எஞ்சின், ஃப்ளைவீல் என்ற கனத்த சுழல் சக்கரம், அதன் விளிம்பில் கயிறு ஓடும் பள்ளங்கள், கூரையடியில் சுழலும் மேல் ஷாஃப்ட், புல்லி, பெல்ட், கடைசியில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் எந்திரம். ஒவ்வொன்றுக்கும் முழு உருவம் ஒன்று, இணைப்பு ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று, அளவுகோலோடு ஒன்று என நான்கு படமாவது வேண்டும். கார்டிங் எந்திரத்தில் இரண்டு புல்லிகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று எந்திரத்தின் அச்சோடு சாவி எனும் இரும்பு ஆப்பு போட்டு இறுக்கியது, மற்றது அதே அச்சில் சும்மா சுழல்வது. பெல்ட்டை இறுகிய புல்லியிலிருந்து சும்மா சுழலும் புல்லிக்குத் தள்ளினால் எந்திரம் நிற்கும், மேல் ஷாஃப்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பெல்ட்டைத் தள்ளும் கவையும் அதன் கைப்பிடியும் படத்தில் விழாவிட்டால், பார்ப்பவருக்கு அது வெறும் இரட்டைச் சக்கரம்தான்.

எஞ்சின் கூடத்தில் சன்னல் ஒரு பக்கம் மட்டும். வெளிச்சத்துக்கும் ஃப்ளைவீல் அடியிலுள்ள இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே எக்ஸ்போஷரில் அடங்காது. ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 8 என்று நிறுத்திவிட்டு, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் இரண்டிரண்டு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) மாற்றி 5 படம் எடுத்தோம். டார்ச் அடித்துக் குவியம் பார்த்த பிறகு ஆட்டோஃபோகஸை அணைக்க வேண்டும். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வு தடுப்பையும் அணைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் முதல் நாள் படங்களில் பாதி வீண். காரணம் பலகைத் தரை. கேமராவை இயக்குபவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடை மாற்றினாலே முக்காலி அசைகிறது. முக்காலியின் கால்களை உத்தரத்துக்கு நேர் மேலே ஊன்றி, எல்லோரும் அசையாமல் நின்ற பிறகே சரியானது.

பெயர்ப்பலகைக்குத் தனிப் பாடம் உண்டு. மேலே பல கோட்டிங் பெயின்ட் ஏறியிருப்பதால் நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்தே தெரியாது. கேமரா பலகைக்கு நேராக நிற்க, டார்ச்சைப் பலகையை ஒட்டினாற்போல் 10, 15 டிகிரிச் சாய்வில் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடித்தால் போதாது. வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. இடப்பக்கத்திலிருந்து அடித்தால் 7இன் மேல் கோடு மங்கி அது 1 போலத் தெரியும்; தயாரிப்பு ஆண்டே தப்பாகிவிடும். ஆகவே நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு படம். சாக்பீஸ் தடவக் கூடாது, கம்பி பிரஷ் போடவே கூடாது. அந்தப் பெயின்ட் அடுக்குகளும் ஆவணம்தான்.

உள்ளே போக நான்கு பேர் வேண்டும் என்பது என் பிடிவாதம் அல்ல. கேமராவுக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர், குறிப்பெழுத ஒருவர், வெளியே தொலைபேசியோடு ஒருவர். பாய்லர் குழாய்களைச் சுற்றியுள்ள வெள்ளைப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைத் தொடுவதோ தூசியைப் பெருக்குவதோ கூடாது. சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. மூடிய இரும்புத் தொட்டியில் துருப்பிடிப்பதே காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அது மனிதர் நுழையும் இடமல்ல. மூக்குக்கு எந்த வாசனையும் வராது, கருவிதான் சொல்ல வேண்டும்.

முதல் நுழைவுக்கு 11 பேர் பெயர் கொடுத்து 4 பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு 9 பேர் கொடுத்து 3 பேர் வந்தார்கள். மூவரோடு ஃப்ளைவீல் குழிக்குள் இறங்க நான் சம்மதிக்கவில்லை. அந்தக் குழி இன்றுவரை படமாகவில்லை. கார்டிங் கூடத்தைப் பழைய இரும்புக்குப் பிரித்தெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கே நாம் விட்ட எந்திரங்கள் இனி கிடைக்காது. வர இயலாது என்று முந்தைய நாள் ஒரு வரி சொல்லியிருந்தால் வேறொருவரை அழைத்திருப்பேன்.

படம் எடுத்தவர்களிலும் சிலர் எந்திர எண்ணோ எடுத்த வரிசையோ எழுதாமல் கோப்புகளைக் கொட்டிவிட்டார்கள். ஒரே மாதிரி இருக்கும் புல்லிகளில் எது எந்த எந்திரத்தினுடையது என்று பிரிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு தொகுதியைப் பிரிக்கவே முடியாமல் ஒதுக்கிவைத்தேன். இருப்பிடத் தகவலை நீக்காமல் படங்களைப் பொதுவில் போடுவதும் நிற்க வேண்டும். திருடர்கள் பித்தளைப் பலகைகளைத் தேடி வருவது அதைப் பார்த்துத்தான்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். செலவு வரவைச் சற்று மிஞ்சியது, சேமநிதியிலிருந்து ஈடுகட்டினோம். உறுப்பினர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் சந்தா பாக்கி. வாயு அளவிடும் கருவியின் ஆக்சிஜன் உணரி அதன் ஆயுளின் முடிவில் இருக்கிறது. புதிது வாங்கும் தொகை அந்தப் பாக்கிக்குள்ளேயே அடங்கும். அது வரும்வரை பாய்லர் புகைவழிக்குள் யாரையும் அனுப்ப மாட்டேன்.

அனுமதி தந்த உரிமையாளருக்கும், இரண்டு நுழைவிலும் வாயிலில் காத்திருந்த காவலருக்கும், பொருளாளருக்கும், நிர்வாகக்குழுவினருக்கும் நன்றி.

என் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. திட்டத்தைத் தொடர்ந்து நடத்த ஒருவர் முன்வந்தால் குறிப்பேடுகளையும் அளவுகோல்களையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். வராவிட்டால் நானே இன்னோர் ஆண்டு பார்க்கத் தயார். எஞ்சின் கூடத்தை இன்னும் யாரும் தொடவில்லை. அனுமதிக் கடிதம் மூன்று மாதம் செல்லும். ஃப்ளைவீல் குழிக்கான அடுத்த நுழைவுக்கு இதுவரை இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன. பதிவேடு வருகைப் பதிவுக்குப் பக்கத்தில், மேசைமேல் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்