படகைத் தாங்கிப் பிடித்த கைகளுக்கு

தரங்கம்பாடியிலும் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலும் உள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற வியாழக்கிழமை விடியற்காலையில் அப்பாவின் ஃபைபர் படகு மீண்டும் கடலில் இறங்கியது. ஏழு வாரம் அது பனையோலைப் பந்தலுக்குக் கீழே மணலில் கிடந்தது. அந்த ஏழு வாரமும் அதன் உருவம் கோணாமல் காத்தவர்கள் நீங்கள். நேரில் சொல்லப் போனால் "இதற்கெல்லாம் நன்றி எதற்கு" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று எங்கள் வள்ளம் போயிற்று. அடுத்த ஆண்டு நிவாரணமாக இந்த 28 அடிப் படகு வந்தது. என் படிப்பும் தம்பியின் திருமணமும் இதன் வருமானத்தில்தான் நடந்தன. இந்தப் பங்குனியில் எஞ்சினை முடுக்கும்போதெல்லாம் அது மாட்டியிருக்கும் பின்பலகை அதிர்வதாகத் தம்பி சொன்னான். அப்பா உளியால் ஓர் இடத்தில் ஃபைபரைக் கீறிக் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே இருந்த பிளைவுட், ஊறிய புண்ணாக்கு போலப் பிதுங்கி வந்தது. தரையோடு நீளவாட்டில் ஓடும் நான்கு கட்டைகளில் மூன்றும் அதே நிலையில் இருந்தன. கட்டியவர்கள் மரத்தின் வெட்டுமுனைகளை ரெசின் (ஃபைபரை இறுக்கும் பிசின்) பூசி மூடாமல் விட்டிருந்தார்கள். அந்த வழியாக ஆண்டுக்கணக்கில் உப்புநீர் குடித்த மரம் அது.

முதல் நன்றி, அடுத்த தெரு சித்தப்பாவுக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய படகையும் இப்படித்தான் பழுது பார்த்தார்கள். ஒரே நாளில் குறுக்குப் பலகை, கட்டைகள், பின்பலகை எல்லாவற்றையும் அறுத்து எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்து ஒட்டினார்கள். வேலை கெட்டியாக இருந்தது, ஆனால் உடம்பு கோணிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் படகு இடப்பக்கமே இழுக்கிறது. நேராக ஓட்டவே தனிப் பலம் வேண்டும், எரிபொருளும் கூடுதலாகப் போகிறது. நாங்கள் அறுக்கப்போகிறோம் என்று கேள்விப்பட்டதும் அவர் வீடு தேடி வந்தார். தன் நட்டத்தை மறைக்காமல் சொன்னார். தம்பியைக் கூட்டிப்போய்த் தன் படகின் அடியில் கையை வைத்துத் தடவச் சொன்னார். எஞ்சினுக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்கு அடிப்பாகம் தொங்கியிருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை, உள்ளங்கைக்குத் தெரிந்தது. தனக்கு வந்த கேடு பிறருக்கு வரக்கூடாது என்று நடந்து வந்து சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஃபைபர் படகைப் பார்த்தால் கல் போலத் தோன்றும். ஆனால் அதன் வெளித்தோல் எங்கள் படகில் 6 மில்லிமீட்டர்தான். அதை விறைப்பாக வைத்திருப்பவை உள்ளே இருக்கும் கட்டைகளும் குறுக்குப் பலகைகளும் பின்பலகையும்தான். கூடையின் வாய்க்கட்டு அவிழ்ந்தால் கூடை எப்படி அகன்று தொய்கிறதோ, அப்படித்தான் இதுவும். கட்டைகளை எடுத்த பிறகு தோல் எந்த நிலையில் நிற்கிறதோ, அந்த நிலையிலேயே புதிய கட்டைகள் அதைப் பூட்டிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது.

இதை எங்களுக்குப் புரியவைத்தவர் பொறையாரிலிருந்து வந்த தச்சர் ஐயா. மரப்படகுக் காலத்து மனிதர். ஃபைபர் வேலை தெரியாது என்று அவரே சொன்னார், ஆனால் உருவத்தை அளக்கத் தெரிந்தவர். வந்த முதல் மூன்று நாள் ரம்பத்தைத் தொடவே விடவில்லை. படகின் முன்முனையான அணியத்தின் உச்சியிலிருந்து பின்பலகையின் நடுவுக்கு ஒரு நூல் இழுத்துக் கட்டினார். ஏழு இடங்களில் விளிம்புக்கு விளிம்பு அகலம் எடுத்தார். அணியத்திலிருந்து பின்பலகையின் இரண்டு மூலைகளுக்கும் தனித்தனியே அளந்தார். இரண்டும் சமமாக இருந்தால் படகு பக்கவாட்டில் கோணவில்லை என்று பொருள். நான்கு மில்லிமீட்டர் வேறுபாடு வந்தது. "இது பிறவியிலேயே உள்ளது, இதற்கு மேல் ஒரு நூல்கூட ஏறக்கூடாது" என்று சொல்லி, அளந்த இடங்களிலெல்லாம் சிவப்புப் பெயின்டால் புள்ளி வைத்தார்.

அடுத்தது படுக்கை. இடம் ஒதுக்கிக் கொடுத்த ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், தோப்பிலிருந்து சவுக்குக் கழிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிய மாமாவுக்கும், பழைய பனைவாரைகளைத் தந்த பெரியம்மாவுக்கும் நன்றி. மணலைத் தோண்டி, தண்ணீர் ஊற்றிக் கெட்டித்து, வாரைகளைக் குறுக்கே பதித்தோம். படகின் எடை முழுவதும் அடித்தண்டான ஏராவின் வழியாக அவற்றில் இறங்க வேண்டும், பக்க முட்டுகள் சாயாமல் பிடித்தால் போதும் என்பது ஐயாவின் கணக்கு. முட்டுக்கழியின் முனை நேரே தோலில் பட்டால் அங்கே குழி விழும். அதனால் அம்மாவும் தெருப் பெண்களும் பழைய வலைத்துணியில் 32 மணல் பைகளைத் தைத்துத் தந்தார்கள். ஈர மணல் படகின் வளைவுக்கு ஏற்ப அமர்ந்து, எடையைப் பரப்பிக்கொண்டது. விளிம்புகளுக்கு மேலே ஐந்து சவுக்குக் கழிகளைக் குறுக்கே வைத்து, அகலவும் முடியாமல் சுருங்கவும் முடியாமல் இரு பக்கமும் கட்டைகள் அடித்துப் பூட்டினோம். அதன் பிறகே ரம்பம் வெளியே வந்தது.

கொத்தனார் அண்ணனின் மட்டக்குழாயை ஏழு வாரமும் நாங்கள்தான் வைத்திருந்தோம். அந்தக் குழாய்த் தண்ணீரில் சொட்டு நீலம் இரண்டு துளி விட்டுக் கொடுத்தவரும் அவர்தான். மங்கலான காலை வெளிச்சத்திலும் மட்டம் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், தேர்வு முடிந்த விடுமுறையில், தினமும் காலை ஐந்தரைக்கு வந்து எல்லாப் புள்ளிகளையும் அளந்து நோட்டில் எழுதினான். நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை, அவனாக எடுத்துக்கொண்ட வேலை.

சித்திரையில் ஒரு நாள் இரவு கோடை மழை கொட்டியது. மறுநாள் விடியற்காலையில் அவன்தான் எங்களை எழுப்பினான். வலப்பக்க விளிம்பு ஒன்பது மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மூலை அளவுகளின் வேறுபாடு நான்கிலிருந்து பதினொன்றாகியிருந்தது. பின்பக்க வாரைக்குக் கீழே மழைநீர் மணலை அரித்துக்கொண்டு போயிருந்தது. முந்தின நாள்தான் இரண்டாவது கட்டையை அறுத்து எடுத்திருந்தோம். அன்று காலை புதியது ஒட்டும் நாள். அளக்காமல் ஒட்டியிருந்தால் சித்தப்பாவின் படகுக்கு நேர்ந்தது எங்களுக்கும் நேர்ந்திருக்கும். பஞ்சர் கடை அண்ணன் ஷட்டரைத் திறப்பதற்கு முன்பே இரண்டு லாரி ஜாக்கிகளைத் தோளில் சுமந்து வந்தார். வாரையை ஒரு விரற்கடை உயர்த்துவது, ஆப்பு வைப்பது, அளப்பது, மறுபடி உயர்த்துவது என்று மதியம் வரை ஆயிற்று. மாணவன் "நாலு" என்று சொன்னபோது அப்பா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அளந்து எழுதிய மாணவத் தம்பியே, உன் நோட்டு எங்கள் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

நாகப்பட்டினத்தில் மீன்வளப் பொறியியல் படிக்கும் எங்கள் ஊர்ப் பெண்ணுக்கும் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். கட்டையைத் தோலின்மேல் நேரடியாக இறுக்கி வைக்கக்கூடாது என்று சொன்னவள் அவள். அப்படி வைத்தால் அலை அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டிலேயே தோல் மடங்கி, நாளடைவில் வெடிக்கும். அவள் சொன்னபடி கட்டைக்குக் கீழே ரெசின் மாவு பரப்பி, ஓரங்களை வளைவாக வழித்து, அதன்மேல் இழையைச் சுற்றினோம். மரத்துக்குப் பதிலாகப் பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் வைக்கச் சொன்னதும் அவள்தான். மேலே போர்த்தும் கண்ணாடி இழைதான் பலம், உள்ளே இருப்பது வடிவம் தரும் அச்சு மட்டுமே. மலிவு என்று தெர்மோகோலை வாங்க இருந்தோம். ரெசின் பட்டால் அது கரைந்துவிடும் என்று ஒரு துண்டில் ஊற்றிக் காட்டினாள்.

ஃபைபர் மேஸ்திரியின் பொறுமையைப் பற்றி எழுதத் தனிக் கடிதம் வேண்டும். கத்திரி வெயிலில் ரெசின் கண்மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும். அதனால் வெயில் ஏறும் முன்பே, காலை ஒன்பது மணிக்குள் அன்றைய வேலையை முடித்துவிடுவார். ஒரே மூச்சில் எல்லா அடுக்கையும் போட்டால் சூடு ஏறி, சுருங்கும்போது தோலையும் சேர்த்து இழுக்கும் என்று சொல்லி, இரண்டிரண்டு அடுக்காக ஆறவிட்டுப் போட்டார். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் என்ற இழைப்பாய், அதன்மேல் 610 கிராம் ரோவிங் என்ற இழைநெசவு, மறுபடி மேட். ரெசினை இறுகவைக்கும் இரண்டு மருந்துகளில், கோபால்ட் பாட்டிலைப் பந்தலின் ஒரு மூலையிலும் கேட்டலிஸ்ட் பாட்டிலை எதிர்மூலையிலும் வைத்திருப்பார். இரண்டும் நேராகக் கலந்தால் வெடிக்கும் என்பதால் குழந்தைகளைப் பந்தலுக்குள் விட்டதே இல்லை. நாங்கள் அவசரப்படுத்திய நாள்களிலும் ஒரு நேரத்தில் ஒரு கட்டைக்கு மேல் அறுக்க அவர் சம்மதிக்கவில்லை. பின்பலகையைக் கடைசியாக எடுத்தபோதுகூட வெளித்தோலை அறுக்காமல் உள்ளிருந்தே சுரண்டி எடுத்தார். வெளியே ஒரு நேரான தேக்குப் பலகையை அணைத்துக் கட்டிய பிறகுதான் புதிய பிளைவுட்டை வைத்து இறுக்கினார். அந்தப் பிளைவுட்டின் நான்கு ஓரங்களுக்கும் மும்முறை ரெசின் பூசினார். அதை அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. ஃபைபர் படகுக்காரர்களின் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் அது. அந்த நாள்களில் எங்கள் படகு கரையில் கிடந்தது. தம்பியைத் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டு, முழு ஆள் பங்கு கொடுத்த மூன்று வீட்டாரை எங்கள் குடும்பம் மறக்காது. பந்தல் வேலைக்காக அவன் போகாத நாள்களிலும் குழம்புக்கு மீன் வந்துகொண்டே இருந்தது. ரெசினுக்கு முன்பணம் கட்டிய ஏலக்கார அக்கா, "கடலில் இறங்கட்டும், பார்க்கலாம்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

கடைசி அடுக்கு போட்ட பிறகும் எட்டு நாள் காத்திருந்துதான் குறுக்குக் கழிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஒவ்வொரு கழிக்கும் ஓர் அளவு. ஐந்தாவது கழியும் வந்த பிறகு, தச்சர் ஐயா தாமே குனிந்து இரண்டு மூலைகளையும் அளந்தார். நான்கு மில்லிமீட்டர். நோட்டில் முதல் பக்கத்தில் இருந்த அதே எண்.

வியாழக்கிழமை அலை தாண்டியதும், தம்பி எஞ்சின் கைப்பிடியைத் தளர்த்திப் பிடித்திருக்கிறான். கரையில் நின்ற எங்களுக்கு அது தெரியாது. படகு வகிடு எடுத்தாற்போல நேரே போனது மட்டும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா என் தோளில் கை வைத்துக்கொண்டே பார்த்தார். மழைக்காலம் முடிந்ததும் அவருடைய படகையும் திறந்து பார்க்கலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். பூட்டிப்போன கோணலை எவ்வளவு தூரம் எடுக்க முடியும் என்பது அப்போதுதான் தெரியும். எவ்வளவு நாள் ஆனாலும் நாங்கள் அங்கே இருப்போம்.

சவுக்குக் கழிகள், ஆப்புகள், மணல் பைகள் எல்லாம் எங்கள் வீட்டு வேலியோரம் அடுக்கி மூடப்பட்டிருக்கின்றன. கழிகளைத் திருப்பித் தர வேண்டாம், ஊருக்கே இருக்கட்டும் என்று மாமா சொல்லிவிட்டார். படகைத் திறக்கும் எவரும் கேட்காமலே எடுத்துச் செல்லலாம். கொத்தனார் அண்ணனின் மட்டக்குழாயை மட்டும் ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
படகுக்காரர் வீட்டு மூத்த மகள்
தரங்கம்பாடி