செத்தும் சாகாதவர்கள் எங்கிருந்து வந்தார்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், மாடியில் இடம் கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம். போன ஏப்ரலில் இருந்து இந்த மார்ச் வரை நம் கேமர்கள் சங்கம் என்ன செய்தது என்று சொல்வது என் பொறுப்பு. நிர்வாக விஷயங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பேச வேண்டிய விஷயம் வேறு நிறைய இருக்கிறது.

கூட்டங்கள் மாதாமாதம் நடந்தன. மழைக்காலத்தில் தண்டையார்பேட்டை மொட்டை மாடியை விட்டுவிட்டு வியாசர்பாடியில் நம் உறுப்பினர் ஒருவர் நடத்தும் பிரவுசிங் சென்டரில் கூடினோம். வேலை முடிந்து ஷட்டர் இறக்கிய பிறகும் நமக்காகக் காத்திருந்த அந்த அண்ணனுக்கும், சலிக்காமல் டீ கொடுத்த அண்ணிக்கும் நன்றி. மாசி மாதக் கூட்டம் மயானக் கொள்ளை அன்று விழுந்ததால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டு முழுக்க ஒரே தலைப்பில் பேசுவது என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஃபேன்டசி கேம்களில் வரும் அன்டெட்கள், அதாவது செத்தும் சாகாமல் நடமாடுகிறவர்கள், எப்படி உருவானார்கள் என்று ரசிகர்கள் கட்டும் தியரிகள்தான் தலைப்பு. ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்தத் தியரி சொன்னாலும் ஆதாரம் கேமுக்குள்ளே இருக்க வேண்டும், ஒரு வாளைப் பற்றிய குறிப்போ ஒரு பாத்திரத்தின் பேச்சோ சுவரில் இருக்கும் சிலையோ எதுவாக இருந்தாலும் சரி, ஆனால் டெவலப்பர் வெட்டி எறிந்துவிட்ட ஃபைல்களைத் தோண்டி எடுத்து வந்து சாட்சி சொல்லக் கூடாது. இந்த விதி இருந்ததால்தான் ராத்திரி பத்து மணிக்கு மேலும் சண்டை நடந்தது, நல்ல சண்டையாக நடந்தது.

ஆரம்பித்தது டார்க் சோல்ஸில். 2011இல் வந்த இந்த கேமில் உடம்பில் டார்க்சைன் என்ற வளைய முத்திரை விழுந்தவர் செத்தாலும் திரும்ப எழுவார், நாளாக நாளாகப் புத்தி கரைந்து கடைசியில் ஹாலோ, அதாவது சுய நினைவே இல்லாத வெற்றுடம்பு, ஆகிவிடுவார். அப்படிப்பட்டவர்களைப் பிடித்து வடக்கே கொண்டுபோய் உலகம் முடியும்வரை அடைத்துவைக்கிறார்கள், கேம் தொடங்கும்போது நாமே அந்தக் கொட்டடியில்தான் இருக்கிறோம். ஏன் இந்தச் சாபம்? ஃப்ராம்ப்ட் என்ற பாம்பு, இந்த உலகத்தின் ஒளிக்கு ஆதாரமான, இப்போது அணைந்துகொண்டிருக்கும் தீயை மறுபடி மூட்டு, சாபம் தீரும் என்கிறது. கேத் என்ற இன்னொரு பாம்பு நேர் எதிராகப் பேசுகிறது: தீயின் யுகத்தை ஆண்ட க்வின் ராஜா இருளைக் கண்டு பயந்தான், மனிதர்களைக் கண்டு பயந்தான், உங்கள் பழைய கதையையே மறைத்துவிட்டான் என்று. இந்த இரண்டாவது பாம்பின் பேச்சைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் கட்டிய தியரி என்னவென்றால், டார்க்சைன் சாபமே கிடையாது, மனிதருக்குள் இருக்கும் இருளைக் கட்டிப்போட தெய்வங்கள் குத்திய நெருப்பு முத்திரை அது, தீ மங்கும்போது கட்டு தளர்கிறது, அந்தத் தளர்ச்சியைத்தான் சாகாமை என்கிறோம்.

நம் கூட்டத்தில் ஃப்ராம்ப்ட் பக்கம் நின்றவர்கள் குறைவு, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. பொய் சொல்கிற பாம்பு கேத்தாகவும் இருக்கலாமே என்ற அவர்கள் கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் அடுத்தடுத்த கேம்களில் இருந்து வந்தது. டார்க் சோல்ஸ் 2இன் 2015 பதிப்பில் ஆல்டியா என்ற பாத்திரம், ஒளியின் அரசன் இருளை விரட்டியதாலேயே மனிதர்கள் நிலையில்லாத உருவம் எடுத்தார்கள் என்று பேசுகிறது. 2017இல் மூன்றாம் பாகத்துக்கு வந்த ரிங்டு சிட்டி என்ற கூடுதல் பகுதியில் ஒரு கவசத்தின் குறிப்பில், ஆதி மனிதரின் ஆயுதங்கள் மேலும் அவற்றை வைத்திருந்தவர்கள் மேலும் தெய்வங்கள் நெருப்பு முத்திரை வைத்தன என்று எழுதியே இருக்கிறது. பல வருஷம் முன்பே ரசிகர்கள் ஊகித்துவிட்டார்கள்! ஒரு தியரிக்கு இதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரியவில்லை. இயக்குநர் ஹிடெடகா மியாசாகி சின்ன வயதில் தனக்கு முழுசாகப் புரியாத ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் படித்து, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்த இடைவெளிகளை அவர் நமக்கும் விட்டுவைக்கிறார், அதனால்தான் அவருடைய கேம்களில் தியரி இவ்வளவு செழிப்பாக வளர்கிறது.

இதில் இருந்து எனக்குப் பிடிபட்ட ஒன்றை இந்த அறிக்கையில் பதிவு செய்ய விரும்புகிறேன். உருப்படியான கேம்களில் அன்டெட் சும்மா முளைப்பதில்லை. மேலே உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன் நாற்காலியைக் காப்பாற்ற மற்றவர்களின் சாவில் கை வைத்திருப்பார். பாவம் செய்ததால் இவர்கள் பிணமாக அலைகிறார்கள் என்று அந்த உலகத்தின் பெரியவர்கள் சொல்வதை நம்பாமல், யார் இதைச் செய்தது என்று கேட்கிற தியரிதான் நிற்கிறது.

ஸ்கைரிமை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் 2011தான். கல்லறைகளில் எழுந்து வரும் ட்ராகர்களைப் பார்த்ததும் கோடாரியை எடுப்போம். கேமுக்குள் கிடைக்கும் ஒரு ஆய்வுக் குறிப்பில், கல்லறைக்குள்ளேயே தங்கி அவர்களைக் கவனித்த ஒரு பெண் எழுதியிருக்கிறார்: ட்ராகர்கள் முறை வைத்து எழுந்து டிராகன்களை வழிபட்ட பூசாரி ஒருவரின் சவப்பெட்டி முன்னால் விழுந்து கும்பிட்டு, இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத் திரும்பப் படுக்கிறார்கள், அவர்களுடைய உயிர்ச் சத்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூசாரிக்குப் போகிறது. செத்த பிறகும் வேலையில் இருந்து விடுதலை இல்லை. கொருக்குப்பேட்டை அக்கா இதைப் படித்துக் காட்டிய பிறகு ட்ராகரை வெட்ட மனசு வரவில்லை என்று பல பேர் சொன்னார்கள்.

வார்கிராஃப்ட் 3, 2002, இன்னும் நேரடியானது. ஆண்டோர்ஹால் என்ற ஊரில் இருந்து ஊர் ஊராகப் போன தானியத்தில் கொள்ளைநோயைக் கலந்துவிடுகிறார்கள், சாப்பிட்ட ஜனங்கள் பிணமாகி, செத்தவர்களை ஆட்டிவைக்கும் லிச் கிங்கின் ஸ்கர்ஜ் என்ற சேனையில் சேர்கிறார்கள். ரேஷன் வரிசையில் நின்று வளர்ந்த நமக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை. இங்கே பெரம்பூர் தம்பி ஒருவர் வேதாளத்தைக் கொண்டு வந்தார். முருங்கை மரத்தில் தொங்கும் உடம்பு யாருடையதோ, பேசுவது உள்ளே புகுந்த வேதாளம், ஸ்கர்ஜும் அப்படித்தான், உடம்பு ஊர்க்காரனுடையது, நடத்துவது லிச் கிங் என்றார். 2003இல் வந்த ஃப்ரோசன் த்ரோன் என்ற கூடுதல் பாகத்தில் லிச் கிங்கின் பிடி தளர்ந்ததும், கொன்று அன்டெட் ஆக்கப்பட்ட சில்வானஸ் என்ற பெண்ணுக்குத் தன் புத்தி திரும்புவதை இந்தத் தியரி சுலபமாக விளக்கிவிடுகிறது. ஆனால் 2020இல், அதே கதை தொடரும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமுக்கு ஷேடோலேண்ட்ஸ் என்ற கூடுதல் பாகம் வந்து, எல்லாவற்றுக்கும் பின்னால் ஜெயிலர் என்று ஒருவர் இருந்தார் என்று பழைய கதைக்கு மேல் புதுக் கதையை ஒட்டியது. டெவலப்பரே சொல்லிவிட்டார் என்பதற்காக அதை ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து, இதில் தலைவருக்கு உடன்பாடு இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அதிக நேரம் எடுத்தது எல்டன் ரிங். 2022இல் வந்தது, இன்னும் யாரும் பேசி ஓயவில்லை. மரிகா ராணி, உலகத்தின் விதிகளைத் தாங்கும் ரூன்களில் சாவு என்ற ரூனைப் பிரித்து எடுத்துப் பூட்டிவைத்துவிட்டுத் தன் பொன் ஆட்சியை நிறுவுகிறாள். பிறகு அதில் ஒரு துண்டு திருடுபோய், ஒரே இரவில் மரிகாவின் மகன் காட்வின் ஆன்மாவால் மட்டும் சாகிறான், அதே அரச வம்சத்து ரன்னி உடம்பால் மட்டும் சாகிறாள். உயிர் இல்லாத காட்வினின் உடம்பு, எர்ட்ட்ரீ என்ற பிரம்மாண்டமான பொன் மரத்தின் வேருக்கு அடியில் வளர்ந்துகொண்டே போகிறது, அதில் இருந்து பரவும் டெத்ரூட் என்ற சாவு வேர்தான் எலும்புக்கூடுகளை எழுப்புகிறது. ஆனால் எர்ட்ட்ரீ முளைப்பதற்கு முன்பே டெத்பேர்ட் என்ற பறவைகள் பேய்நெருப்பில் இறந்தவர்களை எரித்துக்கொண்டிருந்தன என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. அப்படியென்றால் முன்பு ஒழுங்காக எரிந்துபோனவர்கள், வேரில் புதைக்க ஆரம்பித்த பிறகுதான் திரும்ப எழுந்தார்களா? எரிப்பதா புதைப்பதா என்பதில் நம் ஊரிலேயே வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும், அதனால் இந்தக் கேள்வியில் ஆளாளுக்குச் சொல்ல ஏதோ இருந்தது.

அன்றைக்குக் காசிமேட்டில் இருந்து வந்த அண்ணன், மரண கானா பாடுகிறவர், கேம் பக்கமே அதிகம் போகாதவர், கோல்டன் எபிடாஃப் என்ற வாளின் குறிப்பை இரண்டு முறை படிக்கச் சொன்னார். காட்வினின் சாவுக்காகச் செய்த வாள் அது, அதில் ஒரு சின்னப் பையனின் வேண்டுதல் இருக்கிறது: அண்ணா, நீ உண்மையாகவே செத்துப்போ என்று. ராத்திரி முழுக்கப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பாடுவதும் இதற்குத்தான், போகிறவர் முழுசாகப் போகட்டும் என்றுதான், என்றார் அவர். பிறகு அவர் சொன்ன தியரியை அதுவரை எங்களில் யாரும் யோசித்ததில்லை. சாவில் வாழ்கிறவர்கள் என்று கேம் சொல்லும் இந்த அன்டெட்களை மரிகாவின் ஆட்சி வேட்டையாடுகிறது, ஆனால் அவர்களுக்காக யாரும் அழவில்லை, அனுப்பிவைக்கவும் இல்லை, பூட்டிவைத்த சாவைத் திருப்பிக் கொடுத்தாலொழிய ஒரு எலும்புக்கூடும் ஓயாது. ஆதாரம் இருக்கிறதா என்று விதிப்படி கேட்டோம், வாளைக் காட்டினார். கூட்டம் ஏற்றுக்கொண்டது. இந்த ஆண்டின் சிறந்த தியரி என்று செயற்குழு தேர்ந்தெடுத்ததும் இதைத்தான்.

மைன்கிராஃப்ட் பற்றி எட்டாம் வகுப்புத் தம்பி பேசியதையும் சொல்ல வேண்டும். ஜாம்பி கடித்துச் செத்த கிராமத்தான் ஜாம்பியாகிறான், பலவீனக் கஷாயம் ஊற்றித் தங்க ஆப்பிள் கொடுத்தால் குணமாகிறான், அதனால் இது நோய் என்றார். யார் தொடங்கிவைத்தது என்பதற்கு அந்த கேமில் பதிலே இல்லை, என் கருத்து அங்கே செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, இந்தப் பேச்சுகளை எல்லாம் தமிழில் ஒரு சிறு தொகுப்பாக அச்சிடுவது, பிழை திருத்த இரண்டு பேர் முன்வர வேண்டும். இன்னொன்று, அடுத்த தலைப்பாக ரத்தக்காட்டேரிகளை எடுத்துக்கொள்வது. திருவொற்றியூர் பக்கத்து உறுப்பினர்கள் டிராகன்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், கை தூக்கி முடிவெடுத்துக்கொள்ளலாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் ஓட்டுப் போடும் முன் பொருளாளரைப் பார்த்துவிடவும்.