பார்சலோடு ஒரு கொப்பித்தாள்

கோண்டாவில்,
ஐப்பசி 12.

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கடிதத்தை இரவு பஸ்ஸுக்குக் கொடுக்கிற பார்சலுக்குள் வைக்கிறேன். மிளகாய்த்தூள் இரண்டு பைக்கற், பனங்கட்டி ஒரு குட்டான், அம்மா சுட்ட பருத்தித்துறை வடை. தூளை ஈரக் கரண்டியால் அள்ளாதே, போன முறை அப்படித்தான் கட்டி பிடித்தது. இங்கே மழை தொடங்கிவிட்டது, கிணற்றில் தண்ணீர் ஏறுகிறது. அம்மம்மாவின் முழங்கால் அப்படியேதான். கந்தசட்டிக்கு அம்மா இந்த முறையும் ஆறு நாளும் இளநீரோடு இருக்கப் போறாவாம். நான் சொல்லிக் கேட்கமாட்டா. நீ ஒரு சொல் சொல்லிப் பார்.

போன் எடுத்தால் "ம், நல்லாப் போகுது அப்பா" என்கிறாய், பிறகு லெக்சர் இருக்கு என்று வைத்துவிடுகிறாய். நல்லாப் போனால் சந்தோசம்தான். கடைச் சாப்பாட்டையே நம்பி இருக்காதே. நித்திரை முழிக்காதே. அந்த நெட்வேர்க்கிங் பாடம் எப்படிப் போகுது என்று கேட்கத்தான் பேனை எடுத்தேன். மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன், இது நாலாவது.

நீ அந்தத் துறையை எடுக்கப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு நான் யாருக்கெல்லாம் சொன்னேன் தெரியுமா? சந்தையில் மீன்காரருக்குக்கூடச் சொன்னேன். முப்பது வருசம் என் கையில் கிடந்த ரெலிபோன் வயர் என் பிள்ளையின் கைக்குப் போகுது என்று நினைத்தேன். நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம், சாம்பல். எனக்கு வேலை பழக்கிய பெரியவர், ரெலிபோன் கேபிளின் 25 சோடிக் கம்பியையும் நிற வரிசைப்படி தடக்காமல் சொல்லும்வரை என்னைக் குறட்டைத் தொட விடவில்லை. நீ முதல் வருசம் வீட்டுக்கு வந்தபோது ஒரு நெட்வேர்க் கேபிளை உரித்துக் காட்டினாய். உள்ளே அதே முதல் நாலு நிறம். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன், ஞாபகம் இருக்கா? எட்டுக் கம்பியையும் வரிசையாகப் பூட்டும்போது பச்சைச் சோடி மட்டும் பிரிந்து நீலச் சோடிக்கு இரண்டு பக்கமும் நிற்கும் என்று அன்றைக்கு நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். எவ்வளவு வடிவாக விளங்கப்படுத்தினாய்!

சரி, சொல்லிவிடுகிறேன். நல்லூர்த் தேருக்கு வந்து நின்றபோது தம்பியின் கணினியில் உன்னுடைய கணக்கைத் திறந்து வேலை செய்துவிட்டு மூடாமல் போய்விட்டாய். தம்பி பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, அது என் பிழை. அம்மாவுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கேள்வி கேட்கிற ஒரு இடத்தில், அசைன்மென்ற் கேள்வித்தாளை அப்படியே படம் எடுத்துப் போட்டிருந்தாய். ஓரத்தில் 20 புள்ளி என்று இருந்ததுகூடத் தெரிந்தது. நாளைக்குக் கொடுக்க வேணும், யாராவது செய்து தாருங்கள் என்று கீழே எழுதியிருந்தாய். எந்த நாட்டு ஆளோ தெரியாது, ஒருவர் "எதுவரை செய்தீர்கள், எந்த இடத்தில் தடக்குது?" என்று கேட்டிருந்தார். நேரமில்லை, விடையை மட்டும் தாருங்கள் என்று நீ சொல்லியிருந்தாய். பிறகு இன்னொரு ஆள் வந்து காசு பேசியிருந்தார். அதற்குக் கீழே நான் வாசிக்கவில்லை.

அந்த முதல் ஆளின் கேள்விதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனிசர் வாத்தியார் மாதிரி உனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்திருக்கிறார். நீ எழும்பிப் போய்விட்டாய்.

காசு வாங்குகிற ஆளிடம் உன் பெயர் இருக்கு, கம்பஸ் பெயர் இருக்கு, கேள்வித்தாள் இருக்கு. நாளைக்கு இன்னும் காசு தா, இல்லாவிட்டால் விரிவுரையாளருக்கு அனுப்புவேன் என்று வெருட்டினால் என்ன செய்வாய்? அப்படி யாராவது கரைச்சல் தந்தால் உடனே எனக்கு எடு. இரவு இரண்டு மணி என்றாலும் எடு, நான் ஏசமாட்டேன். அதே விடையை அந்த ஆள் உன் வகுப்பில் இன்னும் பத்துப் பேருக்கு விற்றிருந்தால் பத்தும் ஒரே மேசைக்குத்தானே வரும். உன் படிப்புக்காகச் சங்கிலியை அடகு வைத்த விசயம் உனக்குத் தெரியும். அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன், ஆனாலும் எழுதிவிட்டேன். அழிக்கவில்லை.

தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் செய்த மட்டுக்கும் காட்டிக் கேள். விரிவுரையாளரிடம் கேள், கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் கேள், அந்த முதல் ஆள் மாதிரி ஒருவர் இருந்தால் அவரிடமும் கேள்.

போன மாதம் சந்திக் கடைக்காரர் கேட்டார் என்று அவருடைய கணினிகளுக்கு வயர் இழுத்துக் கொடுத்தேன். நீ சொன்ன வரிசையை மறந்து, என் பழைய பழக்கத்தில் சோடி சோடியாகவே பூட்டிவிட்டேன். சோதிக்கிற பெட்டியில் எட்டு லைற்றும் ஒழுங்காக எரிந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாள் அவர் கூப்பிட்டார். பக்கத்து மேசைக்கு வேலை செய்யுது, பின்னுக்கு இருக்கிற களஞ்சியத்துக்குத்தான் இழுபடுது என்றார். அங்கே 60 மீற்றருக்கு மேல். சோடி மாறினால் ஒரு சோடியின் சத்தம் மற்றதுக்குள் போய்விடும். கம்பி முனைக்கு முனை தொடுகிறதா என்பதை மட்டும்தான் அந்த லைற் காட்டும், இதைக் காட்டாது. எல்லா முனையையும் வெட்டித் திரும்பப் பூட்டினேன். முழங்காலில் நின்று பூட்டும்போது உன் அசைன்மென்ற்தான் கண்ணுக்குள் நின்றது. 20க்கு 20கூட வந்திருக்கும். ஒரு காலத்தில் ஒரு ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ நெட்வேர்க் விழுந்து, உன்னைக் கூப்பிட்டு முன்னால் நிற்பாட்டி ஏன் என்று கேட்டால், பிள்ளை, அந்த நேரம் யாரிடம் கேட்பாய்?

அதனால் உன் கேள்வியை நானே செய்து பார்த்தேன். தம்பியின் உயர்தரக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு இரவு இருந்தேன். நெட்வேர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி வேணும். 192.168.10 என்று தொடங்கி 0 முதல் 255 வரை 256 முகவரி, அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்க வேணும். ஒரு பிரிவுக்கு 50 கணினி, அடுத்ததுக்கு 25, அதற்கு அடுத்ததுக்கு 10, பிறகு மற்றக் கிளைக்குப் போகிற ஒரு இணைப்பு. நான் சின்னதில் தொடங்கினேன். 10 கணினிக்கு 16 முகவரி, 0 முதல் 15. அதை ஒட்டி 25 கணினிக்கு 32 முகவரித் துண்டை 16இல் வைத்தேன். பிழை. 32இன் துண்டு 0, 32, 64 என்றுதான் தொடங்கும், இடையில் வைக்க ஏலாது. ஒரு இரவு முழுக்க அதிலேயே போனது. பிறகுதான் அப்பப்பாவின் காணியைப் பிரித்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கும் பெரிய பங்கைத்தானே முதல் அளந்து கல் போட்டார்கள். திரும்பப் பெரியதில் தொடங்கினேன். 50க்கு 64 முகவரி, 0 முதல் 63. 25க்கு 64 முதல் 95. 10க்கு 96 முதல் 111. ஒரு குழி வீணாகாமல் வேலிக்கு வேலி ஒட்டி வந்தது. 64இல் 62 மட்டும்தான் கணினிகளுக்கு என்பதும் விளங்கியது. முதலாவது அந்தத் துண்டின் பெயர், கடைசி அதற்குள் இருக்கிற எல்லாரையும் ஒரேயடியாகக் கூப்பிடுகிற முகவரி. அப்போது இரவு ஒன்றரை மணி. அம்மாவை எழுப்பிச் சொல்ல வேணும் போல இருந்தது. இந்தச் சந்தோசத்தையா பிள்ளை நீ காசும் கொடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தாய்?

இவ்வளவும் எழுதிவிட்டு நிமிர்ந்தால், கடிகாரத்துக்குக் கீழே அந்தச் சான்றிதழ் தொங்குகிறது. 2014, யாழ்தேவி ரயில் 24 வருசத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் வந்த வருசம். நீ எட்டாம் ஆண்டு. இரண்டு பழைய ரெலிபோன் கைப்பிடி, பற்றரி, கொஞ்ச வயர். கண்காட்சிக்கென்று நீயே பூட்டிக்கொண்டு இருந்தாய். வயரெல்லாம் அலங்கோலமாகக் கிடந்தது, ஆனால் வேலை செய்தது. கரகர என்றாலும் உன் குரல் எனக்குக் கேட்டது. நான் இரவோடு இரவாக அதைக் கழற்றிவிட்டு, பலகை சீவி, நூல் பிடித்த மாதிரி வயர் ஓட்டிப் புதிதாகச் செய்து வைத்தேன். காலையில் நீ பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் நானே செய்தேன் என்று சொல் என்று நான்தான் சொல்லித் தந்தேன். நடுவர் ஒருவர் குனிந்து, "குரல் எப்படிப் பிள்ளை வயருக்குள்ளால் போகுது?" என்று கேட்டார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் பின்னுக்கு நின்று வாயை அசைத்தேன்: கரித்துகள், கரித்துகள். நீ அப்படியே சொன்னாய். முதல் பரிசு.

வாய்ப் பக்கத்துக் கரித்துகள் குரலுக்கு நெருங்கியும் விலகியும் வயரில் ஓடுகிற மின்னைக் கூட்டிக் குறைக்கும் என்று, அதற்குப் பிறகாவது உன்னை இருத்தி விளங்கப்படுத்தினேனா? இல்லை. பரிசு வந்துவிட்டது, போதும் என்று இருந்துவிட்டேன். அந்தக் கரகர ரெலிபோனை நான் எறிந்திருக்கக் கூடாது மகள். உன் வேலையை உன் கையிலிருந்து முதல் வாங்கினது நான்தான். பத்து வருசமாக அந்தச் சட்டத்தைத் தூசு தட்டிக்கொண்டும் இருக்கிறேன். நேற்றுக் கழற்றலாம் என்று ஆணியில் கை வைத்தேன். உன்னைக் கேட்காமல் கழற்ற மனம் வரவில்லை.

கொடுத்துவிட்ட அசைன்மென்ற்றுக்கு என்ன செய்கிறது என்று நீயே யோசி. விரிவுரையாளரிடம் போய்ச் சொல்கிறதென்றால் நான் பஸ் ஏறி வருகிறேன், வாசலில் நிற்கிறேன். உள்ளே நீதான் போக வேணும்.

என் கொப்பித்தாளை எண்ணெய் படாமல் பொலித்தீனில் சுற்றி வடைப் பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நான் நிற்கிறது கடைசித் துண்டில். கிளைக்குப் போகிற இணைப்புக்கு 112 முதல் 115 வரை நாலு முகவரி எடுத்து, 113ஐ இந்த முனைக்கும் 114ஐ அந்த முனைக்கும் கொடுத்தேன். தம்பியின் கொப்பியிலும் அப்படித்தான் இருக்கு. ஆனால் இரண்டே இரண்டு முனை இருக்கிற ஒரு வயரில், எல்லாரையும் கூப்பிடவென்று 115ஐ ஏன் ஒதுக்கி வைக்க வேணும்? அங்கே இருக்கிறதே இரண்டு பேர்தானே. இதுவரைக்கும்தான் எனக்கு விளங்குது. பார்த்து வை, ஞாயிற்றுக்கிழமை இரவு எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா