மதுரை கப்பலூர், புதூர் பட்டறை மொதலாளிமாருக்கு ஒரு கணக்குப்பிள்ளையோட மடல்

வணக்கம்ங்க மொதலாளி. பதினோரு வருசமா பட்டறைகள்ல கணக்கு பாக்குறேன், மாசாமாசம் 15ஆம் தேதிக்குள்ள இஎஸ்ஐ, அதான் தொழிலாளிகளுக்கான அரசுக் காப்பீடு, அதுக்குச் சலான் கட்டுறது என் வேலை, அந்த உரிமையில எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

முன்னாடி நான் இருந்த பட்டறையில ஆளு பதினாலு, ரிஜிஸ்டர்ல ஒம்பது. பத்து பேர் ஆயிட்டா இஎஸ்ஐ கட்டணும்ல, அதான். ஒரு நா காலையில பிரஸ் மெஷின்ல ஒரு தம்பிக்கு வலது கையில ரெண்டு வெரலு போயிருச்சு, மெஷின் தொடைக்கிற துணிய சுத்தி ஆட்டோல பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம், ஆட்டோ சீட்டெல்லாம் ரத்தம். மறுநா மொதலாளி கவர்ல ஐயாயிரம் வச்சுக் குடுத்தாரு, அவ்ளோதான். அந்தத் தம்பி ரிஜிஸ்டர்ல இல்லாத அஞ்சு பேர்ல ஒருத்தன். பேர் இருந்திருந்தா தத்தனேரி இஎஸ்ஐ ஆஸ்பத்திரில வைத்தியம், வேலைக்கு வரமுடியாத நாளுக்கு சம்பளத்துல 90 சதவீதம், வெரலு போனதுக்கு ஆயுசுக்கும் மாசாமாசம் பணம் வந்துருக்கும். அவன் சம்பளம் 14,000. மொதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 455 ரூபா, அவன் பங்கு 105. இந்தக் கணக்க எத்தன ராத்திரி போட்டுப் பாத்துருக்கேன் தெரியுமா.

பயலுக இஎஸ்ஐ பிடித்தம் வேணாம், கையில காசாத்தான் கேக்குறாங்கன்னு சொல்றீங்க. கேப்பாங்க, வாடகை குடுக்கணும்ல. இஎஸ்ஐக்குப் பதிலா தனியார் குரூப் இன்சூரன்ஸ் பாலிசி போட்டுக்கிறோம்னும் சொல்றீங்க, அதுல ஒரு தொகைக்கு மேல குடுக்க மாட்டாங்க, நான் பாத்த பாலிசில அப்பா அம்மாவும் கெடையாது, இஎஸ்ஐல தொழிலாளிய நம்பியிருக்குற அப்பா அம்மாவும் வருவாங்க. இஎஸ்ஐ டிஸ்பென்சரில கூட்டம், மருந்து இல்லைன்னா அதைச் சரி பண்ணச் சொல்லி சங்கம் மூலமா நீங்க கேளுங்க, நாங்களும் கூட வர்றோம்.

இன்னொண்ணு, சம்பள வரம்பு. மாசச் சம்பளம் அதைத் தாண்டிட்டா இஎஸ்ஐ கெடையாது. 2017 ஜனவரில 21,000 ஆக்குனதுக்கப்புறம் வருசாவருசம் சம்பளம் ஏறி நல்ல வேலைக்காரங்கதான் இஎஸ்ஐய விட்டு வெளிய போறாங்க, அவங்களுக்கு நாப்பது வயசு தாண்டி சுகர், பிரஷர்னு வர்ற நேரம் பாத்து. வரம்ப ஏத்தணும்னு பேச்சு வந்தாலே செலவு தாங்காதுங்குறீங்க. 2019 ஜூலைல உங்க பங்கு 4.75ல இருந்து 3.25க்கு எறங்குச்சு, அந்த ஒன்றரை சதவீதம் உங்ககிட்டதானே மிச்சமாச்சு. இஎஸ்ஐ இல்லாத ஆளுக்கு வேலையில அடிபட்டா நஷ்டஈடு சட்டப்படி உங்க கைக்காசுதான், அதையும் சேத்து யோசிங்க.

இந்த மாசச் சலானுக்கு இன்னும் நாள் இருக்கு. விட்டுப்போன ஆளுக ஆதார எடுத்துக் குடுங்க மொதலாளி, ராத்திரி உக்காந்தாச்சும் ஏத்தி முடிச்சுத் தர்றேன்.